ஷார்ட்ஸ்டாப்பின் தடுப்பாட்டத்தை எதை வைத்து எடைபோடுவது?

நியூ ஜெர்சி வாசகி:

வணக்கம். மூன்று வாரமாக ஒரு கேள்வி மனத்தை அரித்துக்கொண்டிருக்கிறது. பேஸ்பாலை ஆண்டுக்கணக்கில் பார்த்தவர்கள் இங்கே இருக்கிறீர்கள் என்பதால் உங்கள் முன் வைக்கிறேன்.

என் மகனுக்குப் பதின்மூன்று வயது. எங்கள் ஊர்ச் சிறுவர் அணியில் ஷார்ட்ஸ்டாப்பாக ஆடுகிறான். இரண்டாம் பேஸுக்கும் மூன்றாம் பேஸுக்கும் நடுவில் நிற்கும் இடம் அது. வலது கை பேட்டர்கள் அடிக்கும் தரைப்பந்துகளில் பெரும்பங்கு அந்தப் பக்கம்தான் உருண்டு வரும். நான்கு ஆண்டுகளாக அந்த அணியின் ஸ்கோர் புத்தகத்தை எழுதுவது நான். ஸ்கோர் புத்தகத்தில் ஷார்ட்ஸ்டாப்புக்கு எண் 6. அவன் பந்தை எடுத்து முதல் பேஸுக்கு எறிந்து பேட்டரை அவுட் ஆக்கினால் 6-3 என்று குறிக்க வேண்டும். அந்த 6 என்ற எண்ணை எழுதும்போதெல்லாம் உள்ளுக்குள் ஒரு பூரிப்பு வரும், பெற்றவள் அல்லவா.

இந்தப் பருவத்தின் கடைசி ஆட்டத்தில் மூன்றாம் பேஸ் பக்கமாக ஒரு பந்து வேகமாக வந்தது. மகன் நாலு எட்டு ஓடி, உடம்புக்குக் குறுக்கே கையை நீட்டி, பந்தைத் தொட்டேவிட்டான். கிளவுஸின் நுனியில் பட்டு அது விலகிப் போய்விட்டது. பேட்டர் முதல் பேஸை அடைந்துவிட்டான். நான் எரர், அதாவது தடுப்பவரின் பிழை, என்று எழுதினேன். அடுத்து எங்கள் அணி பேட் செய்தபோது ஏறக்குறைய அதே இடத்துக்கு இன்னொரு பந்து. எதிரணி ஷார்ட்ஸ்டாப் இரண்டு எட்டு வைத்து நின்றுவிட்டான். பந்து அவனைக் கடந்து புல்வெளிக்குப் போயிற்று. அது ஹிட், அதாவது பேட்டர் தன் அடியாலேயே பேஸை எட்டியதாகக் கணக்கு. எதிரணிப் பையன் கணக்கில் எதுவும் ஏறவில்லை.

பருவம் முடிந்து பரிசு கொடுத்தார்கள். சிறந்த தடுப்பாட்டக்காரர் பரிசு அந்த இன்னொரு சிறுவனுக்குப் போயிற்று. அவனுக்கு 4 எரர், என் மகனுக்கு 11. அந்தப் பிள்ளைமேல் எனக்கு எந்த வருத்தமும் இல்லை. கைக்கு வந்த பந்தை அவன் நழுவவிடுவது அரிது. ஆனால் அவனைத் தாண்டி எத்தனை பந்து போயிற்று என்பதை யாரும் எண்ணவில்லை. நானும் எண்ணவில்லை. அதுதான் உறுத்துகிறது.

இதற்கிடையில் வீட்டில் இன்னொரு வழக்கு. என் கணவர் தீவிர நியூயார்க் யாங்கீஸ் ரசிகர். அந்த அணியின் டெரிக் ஜீட்டர் சிறந்த தடுப்பாட்டத்துக்கான கோல்ட் கிளவ் விருதை ஐந்து முறை பெற்றவர், அவரை மிஞ்சிய ஷார்ட்ஸ்டாப் உண்டா என்று கேட்கிறார். மகனோ ஏதோ தளத்தில் படித்துவிட்டு, தடுப்பாட்டப் புள்ளிகளில் ஜீட்டர் கடைசி வரிசையில் இருக்கிறார் என்கிறான். ஒரே மனிதரைப் பற்றி இப்படி இரண்டு தீர்ப்பு எப்படி வர முடியும்? ஓஸி ஸ்மித், ஓமர் விஸ்கெல், ஆண்ட்ரெல்டன் சிம்மன்ஸ் என்று ஆளுக்கொரு பெயர் சொல்கிறார்கள். யார் சிறந்தவர் என்பதைவிட, அதை எதை வைத்துச் சொல்வது என்றுதான் தெரிந்துகொள்ள விரும்புகிறேன்.


எண்ணும் எழுத்தும்:

சகோதரி, உங்கள் மகனுக்கு நடந்தது, பெரிய லீக்கில் நூறாண்டுக்கும் மேலாக நடந்து வந்ததுதான்.

ஃபீல்டிங் சதவீதம் என்பது கைக்கு வந்த வாய்ப்புகளில் எத்தனையைப் பிழையில்லாமல் முடித்தார் என்ற கணக்கு. கைக்கு எட்டாத பந்துக்கு அதில் இடமே கிடையாது. ஓஸி ஸ்மித்தின் வாழ்நாள் சதவீதம் .978. ஜீட்டருடையது .976. இதை மட்டும் பார்ப்பவர் இருவரும் ஒரே தரம் என்றுதான் நினைப்பார். இப்போது அசிஸ்ட் கணக்குக்கு வாருங்கள். பந்தை எடுத்து எறிந்து ஒருவரை அவுட் ஆக்க உதவினால் அது ஓர் அசிஸ்ட். ஓஸி 2,511 ஆட்டங்களில் ஷார்ட்ஸ்டாப்பாக நின்று 8,375 அசிஸ்ட் செய்தார். அந்த இடத்தில் ஆடியவர்களில் இன்றுவரை யாரும் இதைத் தொடவில்லை. ஜீட்டர் அவரைவிட அதிகமாக 2,674 ஆட்டங்கள் நின்றார். அசிஸ்ட் 6,600க்குச் சற்று மேல். ஓஸிக்கு ஆட்டத்துக்கு 3.3, ஜீட்டருக்கு ஏறக்குறைய 2.5.

இதை அப்படியே எடுத்துக்கொள்வதும் நியாயமில்லை. 1980இல் ஓர் அணி ஓர் ஆட்டத்தில் சராசரியாக ஐந்துக்கும் குறைவான முறைதான் ஸ்ட்ரைக் அவுட் (பந்தை அடிக்க முடியாமலே அவுட்) ஆயிற்று. 2010இல் அது ஏழைத் தாண்டிவிட்டது. மட்டையில் படும் பந்து குறைந்தால் ஷார்ட்ஸ்டாப்புக்கு வரும் பந்தும் குறையும். பந்தெறியும் பிட்சர்கள் தரைப்பந்து அடிக்கவைப்பவர்களா, உயரே தூக்கி அடிக்கவைப்பவர்களா என்பதும் சேரும். ஆனால் இவற்றையெல்லாம் கழித்த பிறகும் இருவருக்கும் நடுவே ஒரு பள்ளம் மிஞ்சுகிறது.

அந்தப் பள்ளத்தை அளக்கத்தான் புதிய அளவைகள் வந்தன. ஒவ்வொரு ஆட்டத்தின் காணொளியையும் பார்த்து, பந்து எந்தத் திசையில் எவ்வளவு வேகத்தில் போயிற்று என்று குறித்து, அப்படிப்பட்ட பந்தை மற்ற ஷார்ட்ஸ்டாப்கள் எத்தனை முறை அவுட் ஆக்கினார்கள் என்று ஒப்பிடுவது ஒரு முறை. மற்றவர்கள் பத்தில் இரண்டைத்தான் பிடிக்கும் பந்தை நீங்கள் பிடித்தால் வரவு அதிகம். பத்தில் ஒன்பதைப் பிடிக்கும் பந்தை விட்டால் பற்று அதிகம். உங்கள் மகன் தொட்டுவிட்ட பந்தும், எதிரணிப் பையன் விட்டுவிட்ட பந்தும் இந்தக் கணக்கில் ஒரே மதிப்புத்தான். டிஃபென்ஸிவ் ரன்ஸ் சேவ்ட், அதாவது தடுப்பாட்டத்தால் மிச்சப்படுத்திய ரன், எனப்படும் கணக்கு 2003இலிருந்து இருக்கிறது. அதில் 2013ஆம் ஆண்டு சிம்மன்ஸ் அட்லாண்டாவுக்காகச் சேமித்தது 41 ரன். ஜீட்டரின் கணக்கோ, 2003க்குப் பிறகு மட்டும் நூறு ரன்னுக்கும் மேல் பற்று.

2015இல் எல்லா மைதானங்களிலும் ஸ்டாட்காஸ்ட் கருவிகள் வந்தன. ஆட்டக்காரர் எங்கே நின்றார், பந்துக்கு எவ்வளவு தூரம், எத்தனை வினாடி இருந்தது, ஓடுபவர் எவ்வளவு வேகம் என்று எல்லாம் பதிவாகின்றன. இன்று அவுட்ஸ் அபவ் ஆவரேஜ் (சராசரி ஆட்டக்காரரைவிட எத்தனை அவுட் கூடுதல்) என்று சொல்வது அதிலிருந்து வருவதுதான்.

கோல்ட் கிளவ் 1957இல் தொடங்கியது. நெடுங்காலம் அணி மேலாளர்களும் பயிற்சியாளர்களும் போட்ட ஓட்டு மட்டுமே அதைத் தீர்மானித்தது. 1999இல் ரஃபேல் பால்மெய்ரோ வெறும் 28 ஆட்டங்கள் முதல் பேஸில் நின்றுவிட்டு, அந்த இடத்துக்கான விருதை வாங்கினார். மற்ற நாட்களில் அவர் பேட் மட்டும் செய்தவர். பெயரும் பேட்டிங்கும் ஓட்டுப் போடுபவர் கண்ணை எப்படி மறைக்கும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். 2013இலிருந்து புள்ளிக் கணக்குக்கும் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு கொடுத்திருக்கிறார்கள்.

ஹூஸ்டனில் ஆடிய ஆடம் எவரெட்டை உங்கள் கணவருக்கு நினைவிருக்கலாம். 2000க்குப் பிந்தைய பத்தாண்டில் பந்தை எட்டிப் பிடிப்பதில் அவரை மிஞ்சியவர் அரிது. பேஸ்பால் புள்ளிவிவர ஆய்வாளர் பில் ஜேம்ஸ் அவரையும் ஜீட்டரையும் அருகருகே வைத்து ஆராய்ந்து, எவரெட்டே மிக மேலானவர் என்று எழுதினார். எவரெட்டின் வாழ்நாள் பேட்டிங் சராசரி .250ஐத் தொடவில்லை. கோல்ட் கிளவ் ஒன்றுகூட அவர் வீட்டுக்குப் போகவில்லை.


கிளீவ்லாந்து ரசிகன்:

எண்களை நான் மறுக்கவில்லை. ஆனால் விஸ்கெலைப் பற்றி யாராவது சொல்ல வேண்டும்.

11 கோல்ட் கிளவ். ஷார்ட்ஸ்டாப்பாக 2,709 ஆட்டங்கள், 1,734 டபுள் பிளே (ஒரே அடியில் இருவரை அவுட் ஆக்குவது), இரண்டிலும் முதலிடம். வாழ்நாள் ஃபீல்டிங் சதவீதம் .985. கிளீவ்லாந்தில் நான் பார்த்த ஆண்டுகளில் அவர் கிளவுஸ் போட்ட கையால் எடுத்ததைவிட வெறுங்கையால் எடுத்தவைதான் கண்ணில் நிற்கின்றன. மெதுவாக உருண்டு வரும் பந்தை நோக்கி ஓடி வந்து, நிற்காமல், வலது கையால் அள்ளி, அதே அசைவில் எறிந்துவிடுவார். 1993 ஏப்ரலில், சியாட்டிலில் ஆடியபோது, பிட்சர் கிறிஸ் போசியோ ஒரு ஹிட்டும் கொடுக்காமல் முடித்த ஆட்டத்தின் கடைசி அவுட்டையே அப்படி வெறுங்கையால் எடுத்தார். கை தவறினால் போசியோவின் சாதனை போய்விடும் என்ற நேரத்தில்!

அவர் தனியாக வந்தவரும் அல்லர். வெனிசுவேலாவில் இது ஒரு பரம்பரை. சிக்கோ கராஸ்கெல், லூயிஸ் அப்பரிசியோ, டேவ் கன்செப்சியோன், ஓஸி கியேன், பிறகு விஸ்கெல். கன்செப்சியோன் அணிந்த 13ஆம் எண்ணைக் கியேனும் அணிந்தார், விஸ்கெலும் அணிந்தார். 2010இல் விஸ்கெல் சிகாகோ வொயிட் சாக்ஸுக்குப் போனபோது, அங்கே அப்பரிசியோவுக்காக ஓய்வு கொடுத்து வைத்திருந்த 11ஆம் எண்ணை அப்பரிசியோவே மனமுவந்து அவருக்குக் கொடுத்தார். ஒரு நாட்டின் சிறுவர்கள் தலைமுறை தலைமுறையாக ஒரே இடத்துக்கு ஆசைப்பட்டு வளர்ந்ததை எந்தப் புள்ளிக் கணக்கில் சேர்ப்பது?


செயின்ட் லூயிஸ் வாசி:

அம்மா, உங்கள் கேள்வியை மூன்று முறை படித்தேன். எனக்குச் சொல்லவேண்டியது நிறைய இருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் 1984 ஆகஸ்டில் படிப்பதற்காக செயின்ட் லூயிஸ் வந்தேன். பேஸ்பால் என்றால் என்னவென்றே தெரியாது. அறைத் தோழர் ஒருவர் இந்த ஊர் கார்டினல்ஸ் அணி ஆடும் புஷ் ஸ்டேடியத்துக்கு அழைத்துப் போனார். மாணவர்களுக்குக் கட்டுப்படியாவது மேல்தளத்து டிக்கெட்தான். மூன்றாம் பேஸ் பக்கம், கூரையை ஒட்டிய வரிசை. பல ஆண்டு கழித்து, வேலையில் அமர்ந்து, நல்ல இருக்கைக்குப் பணம் கொடுக்க முடிந்தபோதும் நான் மேல்தளத்தைத் தேடித்தான் போனேன். கீழே உட்கார்ந்தால் பந்து தெரியும். மேலே உட்கார்ந்தால் கால் தெரியும்.

கார்டினல்ஸின் ஷார்ட்ஸ்டாப் ஓஸி ஸ்மித்தைப் பார்க்கக் கற்றுக்கொண்டது அங்கேதான். பந்தைப் பார்ப்பதை விட்டுவிட்டு, ஓர் ஆட்டம் முழுக்க அவரை மட்டும் பார்த்தேன். பிட்சர் எறிவதற்கு முன்னால் முழங்காலில் கை ஊன்றிக் கேட்சரின் விரல் சைகையைப் பார்ப்பார். வரப்போவது வேகப்பந்தா வளைபந்தா என்று அவருக்குத் தெரிந்துவிடும். ஓர் ஆள் முதல் பேஸில் இருந்தால், கிளவுஸால் வாயை மறைத்துக்கொண்டு இரண்டாம் பேஸ்காரருக்கு வாயசைவால் ஒரு குறிப்பு கொடுப்பார். பந்து அடிபடுமுன்பே அந்த ஆள் இரண்டாம் பேஸுக்குத் திருட்டு ஓட்டம் ஓடினால், இருவரில் யார் பேஸுக்குப் போவது என்ற ஏற்பாடு அது. பந்து பிட்சர் கையை விட்டதும் எழுந்து, இரண்டு சின்ன எட்டு முன்னால் வைப்பார். பந்து பேட்டரை அடையும் நொடியில் இரண்டு காலும் தரையில் இலேசாகப் பதிந்திருக்கும். பிறகு நடப்பதை என் கண்ணையே நம்ப முடியாமல் பார்த்திருக்கிறேன். மட்டையில் பந்து பட்ட சத்தம் மேல்தளத்தில் எங்கள் காதுக்கு வந்து சேர்வதற்குள் அவர் ஓர் எட்டு நகர்ந்திருப்பார். சத்தம் வரும்போது அவர் ஏற்கெனவே போய்க்கொண்டிருப்பார்.

ஆகவே பாய்ந்து விழுவதைப் பார்த்து மயங்காதீர்கள் என்று என் பெண்ணுடைய சாஃப்ட்பால் அணிப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தேன். ஓர் எட்டு தாமதமாகக் கிளம்புபவர் பாய்ந்துதான் ஆகவேண்டும். ஓர் எட்டு முன்னால் கிளம்புபவர் அதே பந்தை நின்று எடுப்பார். பார்ப்பவர் முதலாமவருக்குக் கைதட்டுவார். இரண்டாமவர் எடுத்தது சுலபமான பந்து என்று நினைத்துக்கொள்வார்.

ஜீட்டரைப் பற்றிய இரண்டு தீர்ப்பும் இங்கேதான் பிரிகின்றன. அவர் வலப்பக்கம், மூன்றாம் பேஸ் இடைவெளிக்கு ஓடி, அந்தரத்தில் எழும்பி உடம்பைத் திருப்பி எறிவது அத்தனை அழகு. கையில் வந்ததைக் கோட்டை விட மாட்டார். தலை எப்போதும் விழித்திருக்கும். 2001 அக்டோபரில், ஓக்லாந்தில், ஒன்றுக்குப் பூஜ்யம் என்று நின்ற ஆட்டத்தில், வெளிக்களத்திலிருந்து வந்த எறி, அதை இடையில் வாங்க நின்ற இருவர் தலைக்கும் மேல் போனபோது, தனக்கு வேலையே இல்லாத இடத்துக்கு ஓடிவந்து, பந்தைப் பிடித்துக் கேட்சருக்குத் தட்டிவிட்டு ஜெரமி ஜியாம்பியை அவுட் ஆக்கினாரே, அதை யாரால் மறக்க முடியும்? உங்கள் கணவர் கண்ணால் கண்டது பொய் இல்லை. ஆனால் இடப்பக்கம், இரண்டாம் பேஸை ஒட்டி நடுவே போகும் பந்துகள் அவரைக் கடந்தபடியே இருந்தன. கடந்து போன பந்துக்குக் காணொளித் தொகுப்பு போட மாட்டார்கள்.

ஓஸியின் கைக்கு வருகிறேன். அவருக்கு வலுவான எறி கிடையாது. 2022இல், பெரிய லீக்கை இன்னும் எட்டாத இளம் ஆட்டக்காரர்களுக்கான ஃப்யூச்சர்ஸ் ஆட்டத்தில், எங்கள் மேசின் வின் ஷார்ட்ஸ்டாப் இடத்திலிருந்து மணிக்கு 100.5 மைல் வேகத்தில் எறிந்தார். ஓஸியால் அது கனவிலும் ஆகாது. போதாக்குறைக்கு 1985 ஜூலையில் அவருடைய வலது தோள் தசைநார் கிழிந்தது. அறுவைச் சிகிச்சை செய்துகொள்ளாமல், உடற்பயிற்சியால் தோளைத் தேற்றிக்கொண்டு ஆடினார். அதற்குப் பிறகும் 1992வரை ஒவ்வோர் ஆண்டும் கோல்ட் கிளவ் அவருக்குத்தான்; 1980இலிருந்து எண்ணினால் தொடர்ந்து 13. எப்படி? பந்தை எடுப்பதற்கும் விடுவதற்கும் இடையில் அவர் எடுத்துக்கொண்ட நேரம் அவ்வளவு குறைவு. பந்து கிளவுஸுக்குள் போவது தெரியும், வலது கையிலிருந்து கிளம்புவது தெரியும். நடுவில் கை மாறியது தொலைநோக்கியில்கூடப் பிடிபடாது. பேட்டர் நிற்கும் வீட்டுத்தட்டிலிருந்து முதல் பேஸ் 90 அடி. பெரிய லீக்கில் சராசரி வலது கை பேட்டர் அதை ஓடிக்கடக்க 4.3 வினாடி ஆகும். அதற்குள் பந்து உருண்டு வரவேண்டும், எடுக்கவேண்டும், எறியவேண்டும், அது போய்ச் சேரவேண்டும். தோள்வலு இல்லாதவர் அந்த 4.3 வினாடியில் மிச்சம் பிடிக்கக்கூடிய இடங்கள் இரண்டுதான்: முதல் எட்டு, கை மாற்றம். ஓஸி இரண்டிலும் பிடித்தார்.

செயற்கைப் புல்தான் அவரைத் தூக்கிவிட்டது என்று ஒரு வாதம் உண்டு. புஷ் ஸ்டேடியத்தில் 1995வரை இருந்தது கெட்டியான பச்சைக் கம்பளம். பந்து அதில் வேகமாக வரும், ஆனால் ஏமாற்றாமல் ஒரே சீராக எழும்பும். வாதத்தில் உண்மை இருக்கிறது. ஆனால் ஓர் ஆண்டில் 621 அசிஸ்ட் என்ற சாதனையை அவர் செய்தது 1980இல், சான் டியேகோவுக்காக. அங்கே இருந்தது இயற்கைப் புல். 1978 ஏப்ரலில், அவருடைய முதல் மாதத்தில், ஜெஃப் பரோஸ் அடித்த பந்துக்கு இரண்டாம் பேஸுக்குப் பின்னால் பாய்ந்தார். அந்தரத்தில் இருக்கும்போதே பந்து தரையில் எதிலோ பட்டு எதிர்த்திசைக்குத் திரும்பியது. கிளவுஸ் முன்னால் போய்விட்டது. வெறும் வலது கையைப் பின்னுக்கு நீட்டிப் பந்தைப் பிடித்து, எழுந்து, எறிந்து அவுட் ஆக்கினார். அதுவும் சான் டியேகோவில், மண்ணும் புல்லும் உள்ள தரையில். லாஸ் ஏஞ்சலஸின் வாட்ஸ் பகுதியில் சிறுவனாக இருந்தபோது வீட்டு வாசலின் சிமெண்டுப் படிகளில் பந்தை எறிந்து, திரும்பி வருவதைப் பிடிப்பாராம். ஒவ்வோர் எறிக்கும் படியை நெருங்கி நெருங்கிப் போவாராம். படிக்கட்டின் விளிம்பில் பட்ட பந்து எங்கே திரும்பும் என்று யாருக்குத் தெரியும்?

இன்னும் ஒன்று. ஷார்ட்ஸ்டாப்பை எடைபோட அவருக்குப் பக்கத்தில் நிற்பவரைப் பாருங்கள். இடைவெளியை ஷார்ட்ஸ்டாப் பார்த்துக்கொள்வார் என்ற நம்பிக்கை இருந்தால் மூன்றாம் பேஸ்காரர் எல்லைக்கோட்டை ஒட்டி நிற்பார். கோட்டோரமாகப் போய் இரண்டு பேஸ் கொடுக்கும் அடிகள் அடைபடும். அந்த லாபம் ஷார்ட்ஸ்டாப் கணக்கில் வராது.

என் வரிசையைக் கேட்டால்: ஓஸி முதலில். அவருக்கு அடுத்து பால்டிமோரின் மார்க் பெலாஞ்சர். 8 கோல்ட் கிளவ், பேட்டிங் சராசரி .228 மட்டும். பேட்டால் எதுவும் கொடுக்காத ஒருவரைப் பதினெட்டுப் பருவம் பெரிய லீக்கில் வைத்திருந்தார்கள் என்றால், அவர் கிளவுஸின் மதிப்பு எவ்வளவு என்று நீங்களே கணக்குப் பார்த்துக்கொள்ளுங்கள். தடுப்பாட்டத்தால் அணிக்குக் கூடுதலாகக் கிடைத்த வெற்றிகளை மதிப்பிடும் பேஸ்பால் ரெஃபரன்ஸ் தளத்தின் கணக்கிலும் ஓஸிக்கு 44 வெற்றி, பெலாஞ்சருக்கு 39க்கு மேல், விஸ்கெலுக்கு 29க்கு மேல். விஸ்கெலின் கைகள் தங்கக் கைகள், கிளீவ்லாந்து நண்பர் சொன்னதில் ஓர் எழுத்தைக்கூட மாற்ற மாட்டேன். கைக்கு எட்டும் பரப்பு மட்டும் ஓஸியைவிடக் குறைவு. சிம்மன்ஸ் தன் உச்சத்தில், 2013 முதல் 2018வரை, நான் பார்த்த யாருக்கும் இளைத்தவர் அல்லர். கணுக்கால் காயமும் வயதும் அவரைச் சீக்கிரம் தேய்த்துவிட்டன. அதை நினைத்தால் இன்னும் வருத்தமாக இருக்கிறது.


நியூ ஜெர்சி வாசகி:

ஐயா, எழுதியதற்கு மிக்க நன்றி. கணவருக்கு உரக்கப் படித்துக் காட்டினேன். ஜீட்டரின் இடப்பக்கத்தைப் பற்றி அவர் வாய் திறக்கவில்லை, ஆனால் எழுந்து போகவும் இல்லை.

ஒரு சந்தேகம். என் மகன் வேகமாக ஓடுபவன் அல்ல. உயரமான பையன், இனியும் வளர்வான். முதல் எட்டு வேகம் பிறவியில் வருவதென்றால் அவனுக்கு வழி உண்டா?


செயின்ட் லூயிஸ் வாசி:

நிச்சயம் உண்டு. கால் ரிப்கன் ஜூனியரைக் காட்டுங்கள். ஆறடி நாலங்குலம், நூறு கிலோ. ஷார்ட்ஸ்டாப்புக்கு ஆகாத உடம்பு என்று அந்தக் காலத்தில் சொன்னார்கள். எந்தப் பிட்சர் எறிகிறார், எந்தப் பேட்டர் எங்கே அடிப்பார் என்று மனப்பாடமாக வைத்திருந்து, பந்து வரும் இடத்தில் முன்பே போய் நின்றார். 1990இல் 161 ஆட்டங்களில் அவர் செய்தது மூன்றே எரர். சதவீதம் .996. அந்த ஆண்டு கோல்ட் கிளவ் ஓஸி கியேனுக்குப் போயிற்று. ரிப்கனுக்கு அடுத்த இரண்டு ஆண்டுகளும் கிடைத்தது.

இன்றைய கருவிகளிலும் இங்கே ஒரு குறை இருக்கிறது. அவுட்ஸ் அபவ் ஆவரேஜ் ஆட்டக்காரர் நின்ற இடத்திலிருந்துதான் தூரத்தை அளக்கிறது. சரியான இடத்தில் நின்றவருக்குப் பந்து பக்கத்தில் வரும். பக்கத்தில் வந்த பந்து சுலபம் என்று மதிப்பு குறையும். ரிப்கன் இன்று ஆடினால் அவருடைய மிகப்பெரிய திறமைக்கு அந்தக் கணக்கில் மதிப்பெண் இல்லை. இப்போது பயிற்சியாளர் கொடுக்கும் அட்டையைப் பார்த்து நிற்பவர்கள் அதிகம் என்பதால் அப்படி அளப்பதற்கும் ஒரு நியாயம் இருக்கிறது, ஆனால் ரிப்கன் அட்டை பார்த்து நின்றவர் அல்லர்.

கடைசியாக, வருத்தப்படாமல் கேளுங்கள். உங்கள் மகனுக்கு அன்று நீங்கள் போட்ட எரர் தவறு. சாதாரண முயற்சியால் எடுக்கக்கூடிய பந்தை விட்டால்தான் எரர் என்பது விதி. நாலு எட்டு ஓடி, உடம்புக்குக் குறுக்கே கை நீட்டி, நுனியில் பட்ட பந்து சாதாரண முயற்சி ஆகாது. கிளவுஸைத் தொட்டது என்பதற்காக எரர் ஆகிவிடாது. அது ஹிட். சொந்தப் பிள்ளைக்குச் சலுகை காட்டிவிடக்கூடாது என்ற நேர்மையில் கை கடுமையாகிவிட்டது போலிருக்கிறது. எனக்கும் என் பெண் ஆடியபோது அப்படித்தான் இருந்தது.


எண்ணும் எழுத்தும்:

ஐயா சொன்னதுடன் ஒன்று. பந்து போன திசையை ஸ்கோர் புத்தகத்தில் கோடு இழுக்கும் பழக்கம் இருந்தால், ஷார்ட்ஸ்டாப்பைக் கடந்து போன ஒவ்வொரு ஹிட்டுக்கும் ஒரு புள்ளி வையுங்கள். இரண்டு அணிக்கும் வையுங்கள். பெரிய லீக்கில் செய்வதன் சாரம் அவ்வளவுதான்.


நியூ ஜெர்சி வாசகி:

கோடு இழுக்கும் பழக்கம் இருக்கிறது. நேற்று இரவு சாப்பாட்டு மேசையில் புத்தகத்தை விரித்து உட்கார்ந்தேன்.

பதினொரு எரரில் மூன்றை அழித்து ஹிட் என்று எழுதினேன். மூன்றும் எனக்கு நன்றாக நினைவில் இருப்பவை; இன்னும் இரண்டைப் பற்றிச் சந்தேகம் இருந்ததால் அப்படியே விட்டுவிட்டேன். அழுத்தி எழுதும் வழக்கம் எனக்கு, பென்சில் தடம் முழுதாகப் போகவில்லை. பரிசு கொடுத்து முடித்த பருவம், மாற்றச் சொல்லி யாரிடமும் கேட்கப்போவதில்லை. எதிரணிப் பையனின் கணக்கையும் அதே கண்ணோடு பார்த்தேன்; அவனுடைய நான்கில் ஒன்றும் ஹிட்தான், அதையும் மாற்றினேன்.

பிறகு ஒரு தனித்தாளில் களத்தை வரைந்து, இரண்டு ஷார்ட்ஸ்டாப்களையும் கடந்து போன பந்துகளுக்குப் புள்ளி வைத்தேன். மகன் தண்ணீர் குடிக்க வந்தவன் என்ன இது என்று கேட்டான். சொன்னேன். குனிந்து வெகுநேரம் பார்த்தான். பரிசு வாங்கிய பையனின் பக்கம் புள்ளிகள் எத்தனை என்று எண்ணுவான் என்று எதிர்பார்த்தேன், அவன் தன்னுடையதை மட்டும் எண்ணினான். மூன்றாம் பேஸ் பக்கம் ஆறு, இரண்டாம் பேஸை ஒட்டிப் பதினான்கு.

"நான் இந்தப் பக்கம்தான் தாமதமாகக் கிளம்புகிறேன், அம்மா" என்றான். நாளை சாயங்காலம் வேலையிலிருந்து சீக்கிரம் வந்து, இடப்பக்கமாகப் பந்து உருட்டிப் போடச் சொல்லி அப்பாவிடம் கேட்டிருக்கிறான்.